வெளிச்சம் பட்டதும் பூஞ்சைக்கு நிறம் வருவது எப்படி?

கன்னியாகுமரிக் கடற்கரையில் சுட்டு விற்கும் மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டு வீசிய தக்கை, மழை ஈரத்தில் ஓரிரண்டு நாள் கிடந்தால் அதன்மேல் சில சமயம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூசணம் பொடியாகக் கிளம்பும். தீப்பட்ட மரக்கட்டையிலும், சரியாக அவிக்காத தானியத்தில் தயாரித்த காளான் வித்துப் பையிலும் இதே பூசணம் வரும். இதன் பெயர் நியூரோஸ்போரா. சுட்டது, வெந்தது, எரிந்தது என்றே தேடி வருவதற்குக் காரணம் உண்டு. இதன் ஒருவகை நுண்வித்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். 60 டிகிரி செல்சியஸ் சூடு அரைமணி நேரம் பட்டால்தான் விழிக்கும். மற்ற பூஞ்சைகள் செத்துப்போன இடத்தில் இது தனியாக முளைத்து, மணிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ரமேஷ் மகேஸ்வரி, எரித்த கரும்பு வயல்களில் இந்தப் பூஞ்சையின் வாழ்க்கைச் சுற்றை விரிவாக ஆராய்ந்தவர்.

பூஞ்சையில் வெளிச்சமும் நிறமும் எப்படி இணைகின்றன என்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஆரஞ்சுப் பூசணத்திடமிருந்து கற்றதுதான். பிரான்சில் ரொட்டிக்கூடங்களை இது நாசப்படுத்தியதைப் பற்றி 1843-ல் அறிக்கை வந்தது. 1941-ல் பீடில், டேட்டம் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு மரபணு ஒரு நொதியைத் தீர்மானிக்கிறது என்று காட்ட எடுத்துக்கொண்டதும் இதைத்தான். 1958-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வகத்தில் வளர்ப்பது சுலபம், மரபணுவில் ஒன்று கெட்டால் உடனே கண்ணுக்குத் தெரியும். வெளிச்சத்தைப் பற்றிய ஆய்வுக்கு இதைவிடத் தோதான பூஞ்சை அமைவது கஷ்டம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். பூஞ்சை செடி அல்ல. அதற்குப் பச்சையம் கிடையாது, வெளிச்சத்திலிருந்து உணவு செய்யத் தெரியாது. ஆகவே வெளிச்சம் அதற்குச் சாப்பாடு அல்ல, ஒரு சேதி. மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ வைக்கோலுக்குள்ளோ இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இழைக்கு, அதாவது பூஞ்சையின் நூல் போன்ற உடலுக்கு, வெளிச்சம் பட்டால், அது மேற்பரப்புக்கு வந்துவிட்டது என்று பொருள். மேற்பரப்பில் காற்று உண்டு, நுண்வித்துகளைப் பரப்ப வசதி உண்டு. கூடவே வெயிலும் புற ஊதாக் கதிரும் வறட்சியும் உண்டு. வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் செல்லுக்குள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறக்கும். அவை சவ்வையும் டிஎன்ஏவையும் அரிக்கும். கரோட்டினாய்டு வகை நிறமிகள் அந்த மூலக்கூறுகளை மடக்கிப்போடும். மெலனின் என்னும் கறுப்பு நிறமி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். சேதம் வரும் முன்பே தயாராகிக்கொள்ள, வெளிச்சத்தை முன்னறிவிப்பாகப் பயன்படுத்துகிறது பூஞ்சை.

எந்த வெளிச்சம்?

நீல வெளிச்சம். பெரும்பாலான பூஞ்சைகளில் நிறமியைத் தூண்டுவது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலக் கதிர்தான். அதற்கு அடுத்தபடி அருகு புற ஊதா, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்தை ஒட்டியிருக்கும் புற ஊதாக் கதிர். நியூரோஸ்போராவைப் பொறுத்தவரை சிவப்பு விளக்கும் இருட்டும் ஒன்று. அதனால்தான் ஆய்வகங்களில் இருட்டறையில் வேலை செய்யும்போது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதில் நம் வீட்டோடு தொடர்புடைய ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது எல்லா வீட்டிலும் எரிகிற வெள்ளை எல்இடி விளக்கு, உள்ளே ஒரு நீல எல்இடிதான்; அதன்மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். அதன் உச்சம் சரியாக 450 நானோமீட்டர் பக்கம் விழுகிறது. கைபேசி டார்ச்சும் அப்படியே. பழைய குண்டு பல்பில் நீலம் குறைவு. ஆகவே இருட்டில் வளர்கிற பூஞ்சையைக் கைபேசி வெளிச்சத்தில் ஒரு நொடி எட்டிப் பார்த்தாலும் அதை வெளிச்சத்தில் காட்டியதாகத்தான் கணக்கு.

வெளிச்சத்தைப் பிடிப்பது யார்?

நீலத்தை உறிஞ்சும் பொருள் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். கரோட்டின் ஆரஞ்சு நிறம். ஆகவே வெளிச்சத்தை உணர்வதும் கரோட்டின்தானோ என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. அதை உடைத்தவை வெளுத்த பூஞ்சைகள். நியூரோஸ்போராவில் கரோட்டினாய்டு செய்யும் மரபணுக்கள் கெட்டுப்போன வகைகள் உண்டு. பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அவற்றின் உள் கடிகாரம், அதாவது இரவு பகல் சுழற்சியைக் கணக்கிடும் அமைப்பு, நீல வெளிச்சத்துக்கு வழக்கம்போலப் பதில் சொன்னது. நிறமி இல்லாமலேயே வெளிச்சம் தெரிகிறது என்றால், நிறமி உணர்வி அல்ல. மறுபக்கம், ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, செய்ய முடியாத வகைகளில் வெளிச்ச உணர்வு மந்தமாக இருந்தது. தேட வேண்டிய பொருள் ஃப்ளேவின் என்று அங்கிருந்து தெரிந்தது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரை மஞ்சளாக்கும் அதே வைட்டமின்தான்.

ஃப்ளேவினை ஏந்திக்கொண்டிருக்கும் புரதம் எது என்பதற்கு விடை, வேறொரு விசித்திரமான வகையிடம் கிடைத்தது. அதன் நுண்வித்துகள் ஆரஞ்சு. கீழே இழை மட்டும் வெளிச்சத்திலும் வெள்ளை. குழாயில் வளர்த்தால் ஆரஞ்சுத் தலைக்குக் கீழே வெள்ளைப் பட்டை தெரியும் என்பதால் ஒயிட் காலர் என்று பெயர் வைத்தார்கள். இப்படி இரண்டு மரபணுக்கள்: ஒயிட் காலர்-1, ஒயிட் காலர்-2. முதலாவது மரபணுவைப் பிரித்தெடுத்தது 1996-ல், இத்தாலியில். ஒயிட் காலர்-1 புரதம்தான் வெளிச்சத்தை நேரடியாகப் பிடிக்கிறது என்பது 2002-ல் உறுதியானது.

இந்தப் புரதத்தின் வேலை இரண்டு. ஒருபுறம் ஃப்ளேவினை வைத்துக்கொண்டு நீல வெளிச்சத்தைப் பிடிக்கிறது. மறுபுறம் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து மரபணுக்களை இயக்குகிறது. உணர்வதும் உத்தரவிடுவதும் ஒரே புரதம். நடுவில் நீண்ட சங்கிலி கிடையாது. அதனால்தான் பதில் இவ்வளவு வேகமாக வருகிறது.

நடப்பது இதுதான். நீலக் கதிர் ஒன்று ஃப்ளேவினில் பட்டதும், அருகிலிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஃப்ளேவின் வேதிப்பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. அந்த இழுப்பில் புரதத்தின் வடிவம் மாறுகிறது. ஒயிட் காலர்-1 ஏற்கெனவே ஒயிட் காலர்-2 உடன் கூட்டாகத்தான் இருக்கும். வடிவம் மாறியதும் இப்படிப்பட்ட கூட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வெளிச்சத்துக்குப் பதில் சொல்லும் மரபணுக்களின் முன்பகுதியில் அமர்கின்றன. 15 முதல் 30 நிமிடத்துக்குள் அந்த மரபணுக்களின் ஆர்என்ஏ நகல்கள் உச்சத்துக்குப் போய்விடும்.

நகலிலிருந்து நிறத்துக்கு

அந்த மரபணுக்களில் நிறமிக்குரியவை அல்-1, அல்-2, அல்-3 என்பவை. 'அல்' என்பது ஆல்பினோவின் சுருக்கம். இவை கெட்டால் பூஞ்சை வெளுத்துவிடும். அல்-3 தரும் நொதி 20 கார்பன் கொண்ட ஒரு சங்கிலியைச் செய்கிறது. அல்-2 தரும் நொதி அப்படி இரண்டை ஒட்டி 40 கார்பன் ஆக்குகிறது. இதன் பெயர் ஃபைட்டோயீன். இதற்கு இன்னும் நிறமே கிடையாது. நிறத்தைக் கொண்டுவருவது அல்-1. அது சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகளைப் போட்டுக்கொண்டே போகும். அடுத்தடுத்து வரும் இப்படிப்பட்ட பிணைப்புகள் ஃபைட்டோயீனில் 3. தக்காளியின் சிவப்பான லைக்கோபீனில் 11. எண்ணிக்கை கூடக்கூட அந்த மூலக்கூறு உறிஞ்சும் ஒளி, புற ஊதாவிலிருந்து நீலத்துக்கும் பச்சைக்கும் நகர்கிறது. நம் கண்ணுக்கு அது முதலில் மஞ்சளாகவும் பிறகு ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் தெரிகிறது. கடைசியில் இன்னும் இரண்டு நொதிகள் வெட்டித் திருத்த, 35 கார்பன் கொண்ட நியூரோஸ்போராசாந்தின் கிடைக்கிறது. சோளத் தக்கையின் ஆரஞ்சு இதுதான்.

கவனித்தால், எந்த நீலக் கதிர் மணியடித்ததோ அதே நீலத்தை உறிஞ்சும் நிறமியைத்தான் பூஞ்சை செய்துகொள்கிறது.

ஆர்என்ஏ உச்சம் அரைமணி நேரத்தில் வந்தாலும் கண்ணுக்கு நிறம் தெரியச் சில மணி நேரம் ஆகும். நொதி உருவாகி, அது வேலை செய்து, நிறமி சேர வேண்டும். வெப்பநிலையும் இங்கே குறுக்கே வரும். வெளிச்சம் காட்டிய நியூரோஸ்போரா இழையை 6 டிகிரி அளவில் குளிரவைத்தால், 25 டிகிரியில் வைத்ததைவிட அதிக கரோட்டினாய்டு சேர்கிறது. சூடுதான் எல்லாவற்றையும் வேகப்படுத்தும் என்று நினைப்பவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள்.

நிறைய வெளிச்சம், நிறைய நிறமா?

இல்லை. இதுதான் தொடக்க நிலையில் பலரும் சறுக்கும் இடம். வெளிச்சம் அழைப்பு மணி மாதிரி. அடித்ததும் உள்ளே இருப்பவர் எழுந்து வருவார். விரலை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் இன்னும் நாலு பேர் வந்துவிட மாட்டார்கள். வெளிச்சம் தொடர்ந்து எரிந்துகொண்டே இருந்தாலும் அல் மரபணுக்களின் நகல்கள் 2 மணி நேரத்துக்குள் தணிந்துவிடும்.

தணியச் செய்வது விவிட் என்ற சிறிய புரதம். இதுவும் ஃப்ளேவின் ஏந்தியது. இதை உண்டாக்குவதும் ஒயிட் காலர் கூட்டுதான். வெளிச்சத்தில் விவிட் ஏராளமாகப் பிறந்து, ஒயிட் காலர்-1 உடன் தானே ஒட்டிக்கொண்டு, கூட்டுகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கிறது. வெளிச்சத்தின் அளவு இன்னும் கூடினால் மட்டுமே மறுபடி ஒரு பதில் எழும். பகலில் உண்டான விவிட் இரவிலும் கொஞ்சம் மிஞ்சியிருப்பதால், நிலா வெளிச்சத்தைப் பகல் என்று பூஞ்சை எடுத்துக்கொள்வதில்லை. விவிட் கெட்டுப்போன வகையோ நிறுத்தத் தெரியாமல் கரோட்டினாய்டைக் குவித்து, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சாகிவிடும். 'விவிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பளிச்சென்றது என்று பொருள், பெயர் வந்ததே அதனால்தான்.

இன்னொரு சிக்கல்: நியூரோஸ்போராவின் நுண்வித்துகளுக்கு நிறம் வர வெளிச்சமே வேண்டாம். அது வளர்ச்சியின் பகுதியாகத் தானாக வருகிறது. ஒயிட் காலர் வகையில் தலை ஆரஞ்சாகவும் கீழே வெள்ளையாகவும் இருந்த மர்மம் இதுதான். இருட்டில் வைத்த குழாய்க்குள் மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பொடியைப் பார்த்துவிட்டு, வெளிச்சமில்லாமலும் நிறம் வருகிறதே என்று முடிவுகட்டினால் தப்பு. நுண்வித்து வருவதற்கு முன், இழை மட்டும் இருக்கும்போது ஒப்பிட வேண்டும்.

எல்லாப் பூஞ்சைக்கும் இதே விதியா?

நீல உணர்வி பெரும்பாலும் பொது, பதில்தான் ஆளுக்கொன்று. ஃபைக்கோமைசெஸ் என்ற பூஞ்சை வெளிச்சத்தில் பீட்டா கரோட்டினைக் கூட்டும். அதோடு 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும் தன் தண்டை வெளிச்சத்தை நோக்கி வளைக்கும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்து 1969-ல் நோபல் பெற்ற மாக்ஸ் டெல்புரூக், அந்த வேலையை விட்டபின் இதன் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அவர் தேடிய உணர்வி, ஒயிட் காலர்-1-இன் உறவுக்காரப் புரதம் என்பது 2006-ல், அவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே தெரிந்தது.

நாஞ்சில் நாட்டு நெல் வயலில் பழுப்புப் புள்ளி நோய் தரும் பைபோலாரிஸ் ஒரைசேயில், மெலனின் செய்யும் மரபணுக்களை அருகு புற ஊதா ஒளி முடுக்கும். இலைப்புள்ளி நோய் தரும் செர்கோஸ்போரா என்ற பூஞ்சை இன்னும் ஒருபடி மேலே. அது செய்யும் செர்கோஸ்போரின் என்ற சிவப்பு நிறமி உண்டாவதற்கும் வெளிச்சம் வேண்டும், வேலை செய்வதற்கும் வெளிச்சம் வேண்டும். வெயில் பட்டதும் அந்த நிறமி தீவிர ஆக்சிஜனை உண்டாக்கி இலையின் செல்களைக் கொல்கிறது. இங்கே நிறமி பூஞ்சைக்குக் காப்பு அல்ல, ஆயுதம்.

நேர் எதிரான உதாரணம் மொனாஸ்கஸ். சீனாவில் அரிசியைச் சிவப்பாக்கப் பயன்படுத்தும் பூஞ்சை இது. பக்கத்துத் திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் சக்கைக்குருவை, அதாவது பலாக்கொட்டையை, பொடித்து அதன்மேல் இதை வளர்த்து நிறமி எடுத்திருக்கிறார்கள். அதற்கு இருட்டுதான் பிடிக்கும். நேர் வெளிச்சத்தில் நிறமி குறைந்துபோகும். சக்கைக்குரு நம் ஊரில் சீசனுக்குக் கூடை கூடையாகக் கிடைக்கிறதே என்று வீட்டில் முயல வேண்டாம். மொனாஸ்கஸ் வகைகள் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சையும் செய்யக்கூடியவை. அது இருக்கிறதா என்று சமையலறையில் பார்க்க வழியில்லை.

அடுத்து ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் மதிலிலும் தென்னை மரத்திலும் ஆரஞ்சுப் பட்டுத்துணி விரித்தாற்போலத் தெரிவது பெரும்பாலும் பூஞ்சையே அல்ல. டிரென்டிபோலியா என்ற பாசி. 2001-ல் கோட்டயம் பக்கம் பெய்த சிவப்பு மழைக்கும் அதன் நுண்வித்துகள்தான் காரணம் என்று கண்டறிந்தார்கள். பாசி பச்சையம் உள்ளது. அதன் ஆரஞ்சுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள கதை தனி.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

நியூரோஸ்போராவை வீட்டிலோ பள்ளியிலோ வளர்ப்பது உசிதமல்ல. பொடி பறந்தால் அறை முழுக்கப் பரவும், பிறகு அந்த அறையில் வேறெதையும் சுத்தமாக வளர்க்க முடியாது. பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது டிரைக்கோடெர்மா. வாழைக்கும் மிளகுக்கும் சாணத்தோடு கலந்து போடுகிறோமே, அதே டிரைக்கோடெர்மா விரிடிதான். இதன் இழை வெள்ளை, நுண்வித்து பச்சை. வெளிச்சம் பட்டால்தான் நுண்வித்து விடும் என்பதால், பச்சை எங்கே வந்ததோ அங்கே வெளிச்சம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பச்சை நிறமி கரோட்டினாய்டு அல்ல, வேறு வகை. ஆனால் நீலத்தை உணரும் புரதம் ஒயிட் காலரின் சொந்தம்தான்.

பூஞ்சையை வளர்க்கும் ஊடகத்துக்கு 250 மில்லி தண்ணீர், 50 கிராம் உருளைக்கிழங்கு, 5 கிராம் சாதா குளுக்கோஸ், 5 கிராம் அகர் அகர் போதும். மருந்துக்கடையில் ஆரஞ்சுச் சுவை சேர்த்த குளுக்கோஸ் தருவார்கள், அது வேண்டாம். கிழங்கைத் தோல் சீவி நறுக்கி 20 நிமிடம் வேகவைத்து, மசிக்காமல் வடிகட்டி, வடிநீரை மறுபடி 250 மில்லிக்குக் கொண்டுவந்து, குளுக்கோஸும் அகரும் கலந்து கரையும்வரை கொதிக்கவிடுங்கள். பாட்டிலில் பாதிக்குமேல் ஊற்றாமல், வாயைப் பஞ்சால் அடைத்து, பிரஷர் குக்கரில் வைக்க வேண்டும். ஆவி தாராளமாக வந்தபின் வெயிட் போட்டு, முழு அழுத்தம் ஏறியதிலிருந்து 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. விசிலை எண்ணுவது இதற்கு உதவாது. கண்ணாடித் தட்டுகளையும் காகிதத்தில் பொதிந்து அதேபோல அவிக்கலாம். ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் தட்டு குக்கரில் உருகிவிடும், அது பாக்கெட்டிலேயே சுத்திகரித்து வருகிறது.

ஊடகம் கையில் பிடிக்கிற சூட்டுக்கு, 50 டிகிரி பக்கம், ஆறியபின் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் ஆவி படிந்து சொட்டும். அந்தச் சொட்டு நுண்வித்துகளை இழுத்துக்கொண்டு ஓடி, கடைசியில் நாம் பார்க்க வேண்டிய பச்சை வளையத்தைக் கெடுக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்பிரிட் விளக்குச் சுடரின் பக்கத்தில், தட்டுக்கு 20 மில்லி வீதம். 250 மில்லிக்கு 12 தட்டு வரும்.

வித்து எடுக்கச் சிறந்த வழி, ஏதாவது கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் தூய வளர்ப்பு கேட்டு வாங்குவது. கிடைக்காவிட்டால் உரக்கடைப் பொடி. பாக்கெட்டில் கிராமுக்கு 20 லட்சம் உயிருள்ள டிரைக்கோடெர்மா என்று போட்டிருப்பார்கள். அதோடு பாக்டீரியாவும் கலந்திருக்கும். ஒரு சிட்டிகையைக் கொதித்தாறிய 10 மில்லி தண்ணீரில் கலக்கி, பொடியில் கலந்திருக்கும் டால்க் அடியில் தங்கியபின், மேல் நீரில் ஊசிமுனையைத் தொட்டு ஒரு தட்டில் கோடு இழுங்கள். வேகமாகப் பரவி வரும் வெள்ளை இழையின் ஓரத்திலிருந்து மட்டும் சிறு துண்டு வெட்டி அடுத்த தட்டுக்கு மாற்றினால் ஓரளவு சுத்தமாகிவிடும். பச்சையான நடுப்பகுதியிலிருந்து வெட்டக் கூடாது. பச்சைப்பொடி தட்டெல்லாம் சிதறி, எங்கும் புள்ளி புள்ளியாக முளைக்கும்.

சோதனைத் தட்டுகளின் நடுவில் 5 மில்லிமீட்டர் அகலத் துண்டு ஒன்றை, இழை கீழே படும்படி வைத்து, மூடி, ஒவ்வொரு தட்டையும் அலுமினியத் தாளில் இரண்டு சுற்றாகப் பொதியுங்கள். நாகர்கோவில் அறை வெப்பம் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி. டிரைக்கோடெர்மாவுக்கு அது தோதானது. ஒன்றரை முதல் இரண்டு நாளில் வட்டம் 4 அல்லது 5 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வந்துவிடும். வெளிச்சம் காட்டும் நேரம் அதுதான். தட்டின் ஓரத்தை எட்டும்வரை விட்டுவிட்டால் வேலை கெட்டது.

ஒரு தட்டின் தாளைப் பிரிக்கவே வேண்டாம், அது இருட்டுக்கு. ஒன்றைத் தாளிலிருந்து பிரித்து, மூடியைத் திறக்காமல், வெயில் நேரடியாக விழாத வடக்கு ஜன்னலருகே 10 நிமிடம் வைத்து, பின்புறம் வட்டத்தின் விளிம்பை மார்க்கரால் வரைந்துவிட்டு மறுபடி பொதியுங்கள். மூன்றாவதைச் சிவப்புக் கண்ணாடித் தாள் நான்கு மடிப்புக்கு அடியில், நான்காவதை நீலத் தாளுக்கு அடியில், அதே 10 நிமிடம். ஐந்தாவது, தாள் இல்லாமல், மூடியபடியே மேசைமேல் வெளிச்சத்தில் இருக்கட்டும். சிவப்புத் தாளின் தரத்தைச் சோதிக்க, கைபேசித் திரையில் நீலப் படம் ஒன்றைப் போட்டு அதன்வழியே பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் சரி. நீலம் கசிந்தால் இன்னும் மடிப்பு சேருங்கள்.

ஒன்றரை, இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், ஜன்னல் தட்டில் நீங்கள் வரைந்த கோட்டை ஒட்டி ஒரு பச்சை வளையம் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் வெள்ளை. வெளிச்சம் தட்டு முழுக்கத்தான் பட்டது; ஆனால் பதில் சொன்னது அந்த நேரத்தில் விளிம்பில் இருந்த இளம் இழை மட்டும். உள்ளே இருந்த பழைய இழை சேதியை வாங்கிக்கொள்ளும் பருவத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் 10 நிமிடத்துக்குப் பின் வளர்ந்த வெளிப்பகுதிக்கு வெளிச்சமே தெரியாது. நீலத் தட்டிலும் வளையம் வரும், சிவப்பில் வராது, அல்லது மிக மங்கலாக வரும். மேசைத் தட்டில் பகலுக்கொரு வளையம் என்று அடுக்கடுக்காக வரலாம்.

வராமல் போவதற்கும், வரக்கூடாத இடத்தில் வருவதற்கும் சில காரணங்கள் உண்டு. இருட்டுத் தட்டில் பச்சை தெரிந்தால் முதலில் அலுமினியத் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை போதும். துளை இல்லையென்றால் பச்சை எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். தட்டின் சுவரை ஒட்டி மட்டும் இருந்தால் அது பசி. உணவு தீர்ந்தால் இருட்டிலும் நுண்வித்து விடும். நேர்கோடாக இருந்தால் அது காயம். இழை கீறுபட்டாலும் அந்த இடத்தில் நுண்வித்து வரும். தட்டைத் தட்டிவிட்டாலோ, ஊசி பட்டாலோ இது நடக்கும். மொத்தமாக எங்கும் பச்சை என்றால் வெட்டியெடுத்த துண்டிலேயே நுண்வித்து இருந்திருக்கிறது, இல்லையென்றால் அந்த வகையே இருட்டிலும் நுண்வித்து விடக்கூடியது. வகையை மாற்றுங்கள். ஊடகம் மஞ்சளாவதை வெளிச்சத்தின் கணக்கில் எழுதாதீர்கள். டிரைக்கோடெர்மா இருட்டிலும் மஞ்சள் நிறமியைக் கசியவிடும். வளையமே வராத தட்டு பெரும்பாலும் வெயிலில் வைத்த தட்டாக இருக்கும். மூடிய தட்டில் வெயில் விழுந்தால் சூடு விறுவிறுவென ஏறி இழை வாடிவிடும்.

காளான் வளர்ப்பவர்களுக்கு

சிப்பிக் காளானில் வித்து பரவும் முதல் 15 முதல் 20 நாள் இருட்டு போதும். மொட்டு வரும்போது செய்தித்தாள் படிக்கிற அளவு பரவலான வெளிச்சம் பகலில் சில மணி நேரம் வேண்டும். இல்லாவிட்டால் காம்பு நீண்டு, குடை சிறுத்து, வெளிறிப்போகும். சாம்பல் நிற வகைகளில் வெளிச்சம் கூடினால் குடையின் நிறமும் கூடும். ஆனால் குளிரும் அதே வேலையைச் செய்யும் என்பதால், நிறம் மாறியதற்கு விளக்கை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வைக்கோல் காளானில் வித்தியாசம் இன்னும் தெளிவு: இருட்டில் வெளுப்பு, வெளிச்சத்தில் கருஞ்சாம்பல். பாடம் நடத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் என்ற காளான். பாட்டிலில் தானியத்தின்மேல் இருட்டில் வெள்ளையாகப் பரவும். முழுக்கப் பரவியபின் நாளுக்கு 12 மணி நேரம், 500 முதல் 1000 லக்ஸ் வெளிச்சம் கொடுத்தால் சில நாளில் மேற்பரப்பு ஆரஞ்சாகும், அதிலிருந்துதான் காம்பு எழும். பரவி முடியும் முன்பே விளக்கைப் போட்டால் மேலே மட்டும் நிறம் ஏறி, அடியில் தானியம் வெறுமையாக நிற்கும்.

வித்துப் பையில் சோளத் தக்கையின் ஆரஞ்சு தெரிந்தால் அந்தப் பையைப் பிரிக்கவே கூடாது. ஈரத்துணியால் மூடி, இன்னொரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் அவித்தோ ஆழமாகப் புதைத்தோ விடுங்கள். பஞ்சு அடைப்பு நனைந்திருந்தால் பெரும்பாலும் அதன்வழியேதான் நுழைந்திருக்கும். அடுத்த முறை தானியத்தை 15 பவுண்டு அழுத்தத்தில், மேல் ஈரம் உலர்ந்து உதிரியாக இருக்கும் நிலையில், நடுவரை சூடு ஏறும்படி அவிக்க வேண்டும். அரைகுறைச் சூடு இதன் உறங்கும் நுண்வித்தைக் கொல்லாது, எழுப்பிவிடும்.

சோதனைத் தட்டுகளும் அப்படியே. முடிந்ததும் திறந்து முகர்ந்து பார்க்காமல், கண்ணாடித் தட்டானால் மூடியபடியே குக்கரில் அரைமணி நேரம் அவித்துவிட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக் தட்டானால் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஒரு நாள் முழுக்க மூழ்கவைத்துவிட்டு எறியுங்கள்.